அரமும் ஐயமும்

வடக்கே ஓடும் ஆற்றில் பனிப்பாளங்கள் ஒன்றையொன்று முட்டி முனகியவாறு விலகத் தொடங்கியிருந்தன. நகரின் நடுவே நிற்கும் மலையின் தோள்களில் எஞ்சிய வெண்பனி அழுக்கேறிக் கரைந்து, தெருவோரங்களில் சிற்றோடைகளாய் இறங்கிக்கொண்டிருந்தது. பல திங்களாய்க் கனத்த மேலாடைக்குள் ஒடுங்கிக் கிடந்த மாந்தர், குளிர் போய்விட்டதென்று நம்பவும் மாட்டாமல் நம்பாதிருக்கவும் மாட்டாமல், பொத்தான்களை மட்டும் கழற்றிவிட்டு நடந்துகொண்டிருந்தனர். மொன்ட்ரியால் மாநகரில் இரண்டாயிரத்து நான்காம் ஆண்டின் இளவேனில் அவ்வாறுதான் அரைநம்பிக்கையோடு பிறந்தது. நகரின் வடபுறத்தே, இருப்புப்பாதைக்கு அணித்தாய், ஒருகாலத்தில் ஆடை தைக்கும் தொழிற்கூடமாயிருந்து கைவிடப்பட்ட செங்கற் கட்டடம் ஒன்று உண்டு. அதன் மேல்மாடியில் சனிக்கிழமைதோறும் பாலித் தீவின் கமெலான் இசை முழங்கும்.

கமெலான் என்பது ஒரு கருவியன்று, கதை கேட்க அமர்ந்த நல்லோரே. அது ஒரு குடும்பம். மூங்கிற் குழல்களின்மேல் வெண்கலப் பாளங்களைக் கயிற்றிற் கோத்துத் தொங்கவிட்ட கருவிகளும், சட்டத்தில் ஊசலாடும் பெருஞ்சேகண்டியும், இணையாய் நிற்கும் முழவுகளும் ஒருங்கே வார்க்கப்பட்டு ஒருங்கே வாழ்வன. அவை இருக்கும் இடத்துள் காலணியோடு புகுதல் ஆகாது. எக்கருவியையும் தாண்டி நடத்தல் கூடாது. சேகண்டியின் அடியில் மலரும் சோறும் வைத்து வணங்கிய பின்னரே முதல் ஒலி எழும். கடல் கடந்து வந்த அக்குடும்பத்தைச் சுற்றி அந்நகரத்துப் பிரெஞ்சுக்காரரும் பிறரும் கால் மடக்கி அமர்ந்து, மரச்சுத்தியலால் தட்டி, ஒருவர் விட்ட இடைவெளியை மற்றவர் நிரப்பி இசைக்கும் அழகைக் காண்பதற்கென்றே சிலர் படியேறி வருவதுண்டு.

இந்திராதேவி வந்தது அதற்காகவன்று. அங்கே ஆடல் பயின்ற மகள் சஜிதாவைக் கூட்டிவரவும், கூட்டிவந்த இடத்தில் யார் யார் எப்படிப்பட்டவர் என்று பார்த்துக்கொள்ளவுமே வந்தார். நகரின் மேற்குப் புறத்து ரொக்ஸ்பரோவில் தம் வீட்டு முன்னறையில் பிள்ளைகளுக்கு வயலின் கற்பித்து வந்த அவ்வம்மையார் எதையும் எளிதில் நம்புபவர் அல்லர். கடையில் ஒன்று மலிவென்றால், ஏன் மலிவென்று கேட்பார். அடுத்த வீட்டுக்காரி பலகாரம் கொடுத்தனுப்பினால், என்ன வேண்டிக் கொடுத்தாள் என்று இரண்டு நாள் எண்ணுவார். பிள்ளைகளின் பெற்றோர் இதனைச் சொல்லிச் சிரிப்பதுண்டு; சிரிக்கட்டும். கதவைத் தட்டியவரை நம்பித் திறந்த வீடுகள் பல வெறுமையாய்ப் போன காலத்தில் மட்டக்களப்பிலே இளமையைக் கழித்தவர் அவர் என்பதையும் சிரிப்போர் நினைத்தல் வேண்டும்.

சஜிதா பேச்சுக் குறைந்த பிள்ளை. பள்ளியிற் பிரெஞ்சு, தெருவில் ஆங்கிலம், வீட்டில் தமிழ் என்று மூன்று மொழி இருந்தும் மூன்றிலும் வாய் திறக்க நாணுவாள். ஆயின் பொன்னிறத் துணியால் மார்பை இறுகச் சுற்றிக்கொண்டு, முழங்கால் மடக்கி, விரல்கள் துடிக்க, விழிகள் இடமும் வலமும் பாய, லெகோங் என்னும் பாலி நாட்டு ஆடலை ஆடத் தொடங்கினால், இவளா அவள் என்று பெற்ற தாயே மருளுவார். அங்கே அவளுக்கு ஒரு தோழியும் கிடைத்திருந்தாள். ஜென்சி என்று பெயர். அப்பிள்ளையோடு மட்டும் சஜிதா படிக்கட்டில் அமர்ந்து, மூச்சு விடாமற் பிரெஞ்சிற் கதைத்துச் சிரிப்பாள். மகளின் சிரிப்பு அந்த ஓரிடத்தில்தான் கேட்டதென்பதை இந்திராதேவி அறிவார். அறிந்தும், அச்சிரிப்பின் பொருட்டேனும் சற்றுக் கண்ணை மூடிக்கொள்ள அவருக்குத் தெரியவில்லை.

மூவர் ஆடவேண்டிய லெகோங்கை, ஆள் போதாமையால், ஆடலாசிரியையாகிய மாதே என்னும் பாலி நாட்டு அம்மையார் இருவர்க்கெனச் சுருக்கியிருந்தார். முதலில் அரண்மனைப் பணிப்பெண் வேடத்தில் ஒருத்தி தனியே தோன்றி ஆடுவாள்; பின்னர் மற்றவள் வந்து சேர, இருவரும் ஓருருவும் அதன் நிழலும்போல இணைந்து ஆடுவர். முன்னாண்டு தனியே ஆடியவள் ஜென்சி. இவ்வாண்டு கோடையில் துறைமுகத்தருகே நிகழவிருந்த அரங்கிற்கு மாதே அப்பங்கினைச் சஜிதாவுக்குக் கொடுத்தார். ஜென்சி கைதட்டித் தோழியைக் கட்டிக்கொண்டாள். அதனை எல்லோரும் கண்டனர். இந்திராதேவி கண்டதோ, ஒரு மூலையில் வாய் திறவாது நின்ற ஹென்றியை.

ஹென்றி, ஜென்சியின் தாய்மாமன். மன்னாரிலிருந்து வந்தவர், கல்லூரி ஒன்றில் வேதியியல் கற்பிப்பவர், அக்குழுவில் நெடுநாளாய்க் கருவிகளைப் பேணி வந்தவர். மருமகளின் பங்கு பறிபோனதை எந்த மாமன் பொறுப்பான் என்று இந்திராதேவியின் உள்ளம் அன்றே ஒரு முடிச்சுப் போட்டது.

அம்முடிச்சு இறுகக் காரணமும் கிடைத்தது. இந்திராதேவியின் செவி மயிரிழை பிசகையும் பொறாத செவி. மாணவர் விரல் சிறிது நழுவினாலும் பல் கூசியவர்போல் முகம் சுளிப்பார். ஆடலுக்குத் துணையாய் முன்வரிசையில் இருந்த இரண்டு கருவிகள், ஒரே வடிவும் ஒரே அளவும் கொண்ட இணைகள், ஒரே பாளத்தைத் தட்டினும் ஒன்றுபோல் ஒலிக்கவில்லை என்பதை அவர் முதல் நாளே கேட்டார். ஒன்று சற்றுத் தாழ்ந்தும் ஒன்று சற்று உயர்ந்தும் ஒலிக்க, இரண்டும் சேர்ந்தபோது ஒலி நடுநடுங்கியது. பழுதென்று நினைத்தார். அடுத்த சனிக்கிழமை முன்னதாகவே வந்து சேர்ந்தவர், ஹென்றி தாழ்ந்த கருவியின் பாளத்தைக் கவிழ்த்துப் பிடித்து, அதன் அடிவயிற்றில் அரத்தால் அராவிக்கொண்டிருக்கக் கண்டார். திருப்பி வைத்துத் தட்டிய பாளம் முன்னினும் தாழ்ந்து ஒலித்தது. நெருங்கவேண்டியவை மேலும் விலகிவிட்டன.

“என்ன செய்யிறீங்க ஹென்றி?” என்றார்.

“ஆ, அக்காவே? வெண்கலம் குளிருக்குக் கொஞ்சம் மாறிப்போச்சு. இது இப்பிடித்தான் இருக்கோணும். பேந்து ஆறுதலாச் சொல்லுறன்,” என்று ஹென்றி எழுந்தார்; மாதே அவரைக் கீழ்த்தளத்துக்கு அழைத்துக்கொண்டிருந்தார்.

பேந்து என்ற சொல்லொன்று போதாதா? உண்மை சொல்பவன் ஏன் பிறகு சொல்லவேண்டும் என்று இந்திராதேவி தம்மைத்தாமே கேட்டு, தாமே விடையும் கூறிக்கொண்டார். தாளத்துக்கும் ஒலிக்கும் உடலைக் கொடுத்து ஆடும் பிள்ளையை, அரங்கின் நடுவே, ஆயிரம் கண்முன், பிழைத்த இசையால் தடுக்கிவிழச் செய்வதே அவன் கருத்து. கேட்கலாமே, கேட்டாலென்ன என்று நீவிர் வினவக்கூடும். ஐயம் கொண்டவர் கேட்பதில்லை, கவனிப்பார்.

அன்று வீடு திரும்பும் தொடர்வண்டியில் அவர் பக்கத்தில் வந்தமர்ந்தவர் பிலோமினம்மா; ரொக்ஸ்பரோவில் அண்டைவீட்டார், ஹென்றியின் குடும்பம் செல்லும் அதே கிறித்தவக் கோயிலுக்குச் செல்பவர். சஜிதா சாளரத்தில் சாய்ந்து உறங்கிவிட்டாள்; இந்திராதேவி அடக்கிப் பார்த்தார், முடியவில்லை.

“சும்மா சொல்றன் கா, ஒத்தரிட்டயும் சொல்லிராதீங்க,” என்று தொடங்கி எல்லாவற்றையும் சொன்னார்.

“நான் ஏன் பிள்ளை சொல்லப்போறன்? எனக்கென்ன வேற வேலையில்லையே,” என்றார் பிலோமினம்மா. வேறு வேலை அவருக்கு உண்மையிலேயே இல்லை. ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து கோயில் வாசலில் தேநீர் ஆறுமுன் செய்தி ஆற்றுக்கு அப்பால், ஜென்சி வாழ்ந்த லவால்வரை சென்றுவிட்டது.

இந்திராதேவி அதனோடு அமையவில்லை. பிறகு வந்த ஒரு முற்பகல், தரை கூட்டுவதற்கென்று மாடி திறந்திருந்த வேளை, பிள்ளைகள் கீழே தலையணிகளுக்குப் பூத் தைத்துக்கொண்டிருக்க, வயலினும் ஓர் அரமும் கொண்டு தனியே படியேறினார். காலணியைக் கழற்ற மறந்தாரல்லர். அந்த ஒழுங்கெல்லாம் அவருக்கு உண்டு. தாழ்ந்ததை உயர்த்தும் வழி அவர் அறியார். உயர்ந்ததைத் தாழ்த்தும் வழியை ஹென்றியின் கையிற் கண்டிருந்தார். வில்லால் இழுத்துக் கேட்டு, பாளத்தைக் கவிழ்த்து அராவி, மீண்டும் தட்டி, மீண்டும் கேட்டு, தோள் நோக, விரல் எரிய, நடுப்பாளங்கள் அனைத்தையும் ஒருவழியாய்ச் சீராக்கினார். இறுதியில் இரண்டு கருவிகளையும் ஒருங்கே தட்டியபோது ஒரே ஒலி, நடுக்கமற்ற ஒலி, எழுந்தது. மகளைக் காத்துவிட்டோம் என்ற மகிழ்ச்சியில் அவர் கண் கலங்கியது. அம்மகிழ்ச்சி பொய்யன்று என்பதையும் நாம் ஒப்புக்கொள்ளவேண்டும்.

பிற்பகலில் எல்லோரும் கூடினர். ஜென்சி மட்டும் வரவில்லை. சேகண்டி முழங்க, முழவு அழைக்க, சஜிதா தனியே முன்வந்தாள். இசை எழுந்தது. எழுந்தது எனினும், அது இசையாயில்லை. ஒளி மங்கிய அறைபோல் இருந்தது. பாளங்கள் சரியாக ஒலித்தன, ஒலித்த இடத்திலேயே விழுந்து கிடந்தன. சஜிதாவின் விரல்கள் துடிக்க முயன்று, துடிப்பதற்கு எதுவும் கிடைக்காமல், தயங்கின. விழி பாய்ந்தது, பிந்தியது. அவள் நின்றுவிட்டாள்.

மாதே கையுயர்த்தினார். இரண்டு கருவிகளின் அருகே மண்டியிட்டுத் தட்டிப் பார்த்தார். பிறகு எல்லோருக்கும் விளங்கும் எளிய பிரெஞ்சில், மெல்லச் சொன்னார்: ஒன்று மூச்சை விடுவது, மற்றது மூச்சை உள்ளிழுப்பது, இரண்டுக்கும் இடையே சிறு வேற்றுமையை வேண்டுமென்றே வைத்துத்தான் எங்கள் கொல்லர் வார்ப்பர், அவ்வேற்றுமையில் எழும் அலையே இசைக்கு உயிர், ஆடுபவளின் விரல் அந்த அலையில் நடுங்குவது, இவற்றை யாரோ ஒன்றாக்கிவிட்டார்கள்.

அங்கிருந்த கண்கள் அனைத்தும் ஹென்றியை நோக்கின. அரம் பிடிப்பவர் அவர். கோயில் வாசற்கதையும் அதற்குள் அந்த மாடிக்கு ஏறி வந்திருந்தது. ஹென்றி எதுவும் பேசவில்லை. உயர்ந்த கருவியின் பாளமொன்றைக் கவிழ்த்துப் புதிய அராவலைத் தடவியவர், நிமிர்ந்து, இந்திராதேவியின் சேலை முந்தானையில் ஒட்டியிருந்த வெண்கலத் துகளின் மஞ்சள் மினுக்கத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டுக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். காட்டிக்கொடுக்கும் எண்ணம் அவருக்கு இல்லை என்பது இந்திராதேவிக்கு விளங்கியது. வாழ்நாளில் முதன்முறையாக ஒரு மனிதனின் நல்லெண்ணத்தை அவர் ஐயுறாது கண்டார். அது தம்மால் தாங்கக்கூடியதாக இல்லை.

“அவரில்ல,” என்றார். “நான்தான் அராவினன்.”

பிரெஞ்சிலும் அதனைத் திருப்பிச் சொன்னார். சஜிதா தாயைப் பார்த்தாள். அப்பார்வையை எழுத என்னிடம் சொல் இல்லை.

பின்னர், கூட்டம் கலைந்தபின், ஹென்றி அருகில் வந்தார். “வெண்கலத்தை யோசிக்காதேங்கோ அக்கா. முனையில அராவினா சுருதி ஏறும். கொஞ்சம் மெலியும், அவ்வளவுதான். அண்டைக்கே நான் நிண்டு சொல்லியிருக்கோணும்.” மேலாடையை எடுத்துத் தோளிலிட்டார். “ஆனா ஜென்சி இனி வரமாட்டாள். தங்கச்சி விடமாட்டாள்.”

மறுநாளே இந்திராதேவி லவாலுக்குச் சென்றார். ஜென்சியின் தாய் அக்னெஸ் கதவைத் திறந்தார், உள்ளே அழைத்தார், தேநீர் கொடுத்தார், சொல்வதையெல்லாம் குறுக்கிடாமற் கேட்டார். ஒரு வசைமொழி சொல்லியிருந்தால் இந்திராதேவிக்கு எத்துணை ஆறுதலாயிருந்திருக்கும்.

“நீங்கள் வந்து சொன்னது நல்லம்,” என்றார் அக்னெஸ். “எனக்கு உங்களில கோவமில்ல. ஆனா கோயில் வாசல்ல அண்ணை வர, கதைச்சுக்கொண்டு நிண்டவை பேச்சை நிப்பாட்டினவை. என்ர பிள்ளை அதைப் பாத்திட்டாள். மாமா கெட்டவரோ எண்டு என்னட்டக் கேட்டவள். அவை ஒவ்வொருத்தரிட்டயும் நீங்கள் போய்ச் சொல்லேலுமே?”

“சொல்றன்,” என்றார் இந்திராதேவி.

“சொல்லுங்கோ. ஆனா அவளை நான் இனி அங்க விடமாட்டன்.”

அவர் சொல்லத்தான் செய்தார். வீடு வீடாய்ச் சென்றார். பிலோமினம்மாவையும் உடனழைத்துச் சென்றார். கேட்டவர் சிலர் தலையசைத்தனர், சிலர், “அப்ப அவர் ஏன் பேசாம நிண்டவர்?” என்று புதிதாய் ஒன்றைக் கேட்டனர். அவ்வினா தம் வாயிலிருந்தே பிறந்து வளர்ந்து தம்மையே நோக்கி வந்ததுபோல் இந்திராதேவி நாணித் திரும்பினார்.

கோடை வந்தது. துறைமுகத்தருகே, பகலொளி இன்னும் மங்காத மாலையில், ஆற்றங்காற்று கொடிகளை அலைக்க, மக்கள் திரண்டிருந்தனர். ஹென்றி அராவிச் செம்மை செய்த கருவிகள் மீண்டும் அலையெழுப்பின. சஜிதா முதற்பங்கைத் தனியே ஆடினாள். ஒரு பிழையும் இல்லை. இருவர் சேரும் இடம் வந்தது. வேறொருத்தியைப் பழக்கக் காலம் போதவில்லை; அப்பகுதியை விட்டுவிடலாம் என்று மாதே கூறியிருந்தும், ஆடுவேன் என்று சஜிதா தலையசைத்திருந்தாள். அவள் அரங்கின் நடுவுக்கு வரவில்லை. தன் பாதி இடத்திலேயே நின்று, மற்றப் பாதியை வெற்றிடமாய் விட்டு, அங்கே ஒருத்தி இருப்பதாகவே விலகி, அணுகி, விழியெறிந்து, விடை வரும்வரை பொறுத்து, பின் அடுத்த அடி வைத்தாள். அதுவே அவ்வாடலின் புதுமை என்று எண்ணி அவை ஆரவாரித்தது. முன்வரிசையில் ஒருவரும், வெண்கலப் பாளங்களின் பின்னே ஒருவரும் மட்டும் தலைகுனிந்திருந்தனர்.

தொடர்வண்டியில் தாயும் மகளும் அருகருகே இருந்தனர். “வடிவா ஆடினாய் மகள்,” என்றார் இந்திராதேவி.

சஜிதா சாளரத்தைப் பார்த்திருந்தாள். “ஜென்சி என்னோட கதைக்கிறல்ல அம்மா,” என்றாள். அவ்வளவே சொன்னாள், குற்றம் சாட்டும் குரலில் சொல்லவில்லை, வெளியே மழை என்பதுபோற் சொன்னாள்.

மகளை யாரோ தடுக்கி விழுத்துவார் என்று கண்ணிமையாது காத்த தாய், காவலின்போது தம் கையையும் காத்திருக்கலாம். வண்டி ஒவ்வொரு நிலையத்திலும் நின்று, ஆளை இறக்கி, நகர்ந்தது. எதிரே இருந்த இருக்கை ரொக்ஸ்பரோவரை வெறுமையாகவே வந்தது.