சதுப்புமானும் என் மாமியாரும்

மாமியாரை ஒரே படகில் ஏற்றிக்கொண்டு விக்டோரியா ஏரியில் துடுப்புப் போடும் மடையன் புகாண்டா முழுவதும் தேடினாலும் என்னைத் தவிர கிடைக்கமாட்டான். முன்னால் நான், கடைசியில் அவர், நடுவில் சுவர் மாதிரி என் மனைவி நசூனா. நான் திரும்பிப் பார்க்கக் கூடாது. தெரியாமல் விரல் பட்டால்கூட இருவருக்கும் உடம்பு நடுக்கம் வந்து படுத்துவிடுவோமாம். மாமியார், மருமகனுக்கு எங்கள் ஊர்க் கட்டுப்பாடு அப்படி; முகம் பார்க்காமல் பேச மட்டும் செய்யலாம்.

ஆனால் வராமல் முடியாது. மாமியாருக்குக் கண் போய்க்கொண்டிருந்தது. நேர் எதிரே சாவித் துவாரம் அளவுக்குத்தான் பார்வை. அதுவும் அடுத்த மழைக்காலம்வரை தாங்காது என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். அவர் பிறந்த குலத்துக்குச் சின்னம் சதுப்புமான். அதன் இறைச்சியை வாழ்நாளில் தொட்டதில்லை, அதை நேரில் பார்த்ததும் இல்லை. ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று மகளிடம் கேட்டிருக்கிறார்.

சதுப்புமான் திரியும் தீவின் வெள்ளை மணலில் இறங்கியதும் வெயில் மண்டையைப் பிளந்தது. நீர்யானை தலைகாட்டியது, இருவாச்சி கத்தியது. ஒவ்வொன்றுக்கும் நசூனா தாயின் தாடையைப் பிடித்துத் திருப்பிக் காட்டினாள். மானைத் தவிர எல்லாம் வந்தது. கோரைப்புல் ஓரம் காத்துக் காத்து எனக்குக் கால் மரத்துப்போனது.

அப்போது கரையில் குரங்குகள், வாழைக்காயை அவித்து மசித்த மட்டோகே இருந்த எங்கள் சாப்பாட்டு மூட்டையை இழுத்தன.

"ஐயோ, மட்டோகே போச்சு. அம்மாவப் பாத்துக்குங்க" என்று நசூனா கம்பைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

பார்த்துக்கொள்வதா? நானா? எரிச்சலோடு ஒரு மரத்தின் பின்னால் ஒதுங்கினேன். சனியன், அந்த நேரம் பார்த்துத்தான் மான் வந்தது. முழங்கால் தண்ணீரில், ஈர முதுகோடு, கொம்பை ஆட்டியபடி நின்றது. மாமியாரோ ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அத்தை, இடது பக்கம்" என்றேன் மெதுவாக.

"எங்க மாப்பிள்ளை?"

"இன்னும் கொஞ்சம். ஐயோ, அவ்வளவு இல்ல."

"ஒண்ணும் தெரியலயே."

மான் காதை விடைத்தது. போயே போய்விடும். எனக்கு வந்த ஆத்திரத்தில் கட்டுப்பாடாவது மண்ணாவது, பின்னால் போய் அவர் தலையை இரு கைகளாலும் பிடித்துத் திருப்பினேன். அவர் உடம்பு விறைத்தது. பிறகு மூச்சே காணோம். மான் புல்லுக்குள் போகும்வரை நானும் கையை எடுக்கவில்லை.

"பாத்துட்டேன்" என்றார். "போய் மரத்துக்குப் பின்னால நில்லுங்க."

நசூனா வெறுங்கையோடு மூச்சிரைக்க வந்தாள். சேற்றில் கிடந்த குளம்படிகளைக் கண்டதும் முகம் மாறியது.

"மான் வந்துச்சா? பாத்தியாம்மா?"

பார்த்தேன் என்றால், யார் தலையைத் திருப்பினார்கள் என்ற கேள்வி வரும். மாமியார் தரையைப் பார்த்தார்.

"இல்லடி. எனக்குத் தெரியல."

நசூனா என் பக்கம் பாய்ந்தாள். "வாயத் தொறந்து சொல்லக்கூடவா முடியல? மரத்தோட மரமா நின்னீங்களா? இதுக்காகத்தான வந்தோம்?"

படகில் ஏறியும் அவள் ஓயவில்லை. திட்டித் தீர்த்துவிட்டு, "கடைசிவரைக்கும் பாக்காமலே திரும்புறியேம்மா" என்று விசும்பத் தொடங்கினாள். எனக்குத் தாங்கவில்லை. துடுப்பை நிறுத்தினேன்.

"நசூனா, உங்கம்மா..."

பின்னாலிருந்து மாமியார் பலமாக இருமினார்.

"எங்கம்மாவுக்கு என்ன?" என்றாள் நசூனா.

"பாவம்" என்றேன்.

"இப்பச் சொல்லுங்க" என்று சீறிவிட்டு அவள் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள்.