ஊதிப்போன திருவாதிரை

அத்தான் மொட்டைமாடியில் நிறுத்தியிருந்த தொலைநோக்கி ஓர் ஆள் உயரம். அதன் வாய்க்குள் ஒரு குழந்தையை உட்காரவைத்துக் குளிப்பாட்டலாம். வாங்கிப் பத்து நாள்தான். அதற்குள் மனிதர் வானத்துக்கே சம்பந்தி ஆகிவிட்டதுபோல் பேசினார்.

"திருவாதிரை நாளுக்கு நாள் ஊதிக்கிட்டே போகுது. வெடிக்கப் போகுதுன்னு எழுதி வச்சுக்குங்க!" என்று, பொழுது சாய்ந்ததும் கீழ்வீட்டுத் தையல்காரரையும் எதிர்வீட்டுப் பல் டாக்டரையும் மாடிக்கு இழுத்து வந்துவிட்டார்.

அவருடைய கொழுந்தியாள் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றாள். கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவள். பதினாறு வருஷமாகத் திருவாதிரையை வெறுங்கண்ணால் மற்ற நட்சத்திரங்களோடு ஒப்பிட்டு, ஒளி கூடியதா குறைந்ததா என்று குறித்து, வானம் பார்ப்போர் சங்கத்துக்கு அனுப்புகிறவள். அந்தச் சிவப்பு ராட்சதன் சில மாதம் மங்குவான், சில மாதம் தேறுவான். அவன் நாடி தனக்கு மட்டுமே பிடிபடும் என்று அவளுக்கு ஓர் எண்ணம். அத்தானின் குழாயை அவள் அண்டா என்றுதான் சொல்வாள்.

பல் டாக்டர் குனிந்து பார்த்தார். "அடேங்கப்பா, தட்டு மாதிரி இருக்கே!"

"முந்தாநாள் இதுல பாதிதான் டாக்டர்."

"கொஞ்சம் தள்ளுங்க அத்தான்." அவள் ஃபோகஸ் திருகை மெல்லத் திருப்பினாள். தட்டு பொட்டாகி, பொட்டு புள்ளியாகிவிட்டது. "இப்பப் பாருங்க டாக்டர். எவ்வளவு பெரிய குழாய் வச்சாலும் இங்கேருந்து அது புள்ளிதான். அத்தான் தினம் ஃபோகஸைக் கலைச்சுக் கலைச்சுத் தீனி போட்டு வளர்த்திருக்கார்."

தையல்காரர் சிரித்தார். "டேப்பைத் தொளதொளன்னு பிடிச்சுட்டு, ஆளு பெருத்துட்டாருன்னு நானும் சொல்லியிருக்கேன் சார்."

அத்தான் அசருகிற ஆளா? "சரி, ஊதல. பிரகாசம் கூடுதே! பத்து நாளா நீயும் அப்படித்தானே எழுதியிருக்கே?"

எழுதித்தான் இருந்தாள். சங்கத்திலிருந்து கடிதமும் வந்திருந்தது: வேறு யாருக்கும் அப்படித் தெரியவில்லை, மறுபடி பாருங்கள் என்று. என் கண்ணைச் சந்தேகிக்க வேண்டாம் என்று சுடச்சுடப் பதில் போட்டிருந்தாள். அது தப்பென்றால், பதினாறு வருஷ நம்பிக்கையும் அன்றோடு போச்சு.

"கூடித்தான் இருக்கு," என்றாள் விறைப்பாக. "அதோ, அந்த வெள்ளை நட்சத்திரத்தையே தாண்டிடுச்சு."

கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த அக்கா, தோளில் சட்டைகளோடு ஒரு நொடி அண்ணாந்தாள். "எங்கடி தாண்டுச்சு? வெள்ளைதானே தூக்கலா இருக்கு."

'உனக்கென்ன தெரியும், நீ கிளிப்பை எண்ணு' என்று நாக்கு நுனிவரை வந்தது. வந்தது அங்கேயே நின்றுவிட்டது.

சிவப்பு நட்சத்திரத்தை உற்றுப் பார்க்கக் கூடாது. பார்க்கப் பார்க்க அது கூடுதலாக ஒளிர்வதுபோல் கண் ஏமாறும். ஒரு பார்வை பார்த்தோமா, கண்ணை எடுத்தோமா என்றிருக்க வேண்டும். சங்கத்துக்குப் புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் அவளே சொல்லிக்கொடுத்த பாடம் இது. ஆனால் அத்தான் அண்டா வாங்கிய நாளிலிருந்து, வெடிப்பதானால் அதை முதலில் சொல்கிறவள் தானாக இருக்க வேண்டுமென்று, தினம் கால் மணி நேரம் வைத்த கண் வாங்காமல் நின்றிருந்தாள்.

கண்ணை மூடினாள். திறந்து, அக்காவைப் போலச் சும்மா ஒரு பார்வை பார்த்தாள்.

வெள்ளைதான் தூக்கல்.

"என்னம்மா, தாண்டிடுச்சுதானே?" என்றார் அத்தான்.

"நானும் தப்பாத்தான் எழுதியிருக்கேன் அத்தான். பத்து நாளும்."

அத்தான் முகத்தில் வந்த பூரிப்பு இருக்கிறதே, மாப்பிள்ளைக் கோலத்தில்கூட அவர் அப்படி மலர்ந்ததில்லை. "டாக்டர், படி இறங்கிடாதீங்க! இதையும் கேட்டுட்டுப் போங்க!"

அவள் கீழே போய், பத்து நாள் குறிப்பையும் நீக்கச் சொல்லிச் சங்கத்தின் படிவத்தை நிரப்பினாள். காரணம் கேட்டிருந்தார்கள். மேகம் என்று எழுதலாம், காய்ச்சல் என்று எழுதலாம்; யார் வந்து பார்க்கப் போகிறார்கள்?

'வீம்புக்கு உற்றுப் பார்த்தேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.