முகம் சுளிக்காத நோயாளி

"சொல்லுங்கம்மா, என்ன பண்ணுது?"

நாளைக்கு ஆஸ்பத்திரியில் பேச வேண்டியதற்கு வீட்டிலேயே ஒத்திகை; அதில் மகள்தான் டாக்டர். சமையலறை ஸ்டூலில் இருந்த அம்மா பட்டென்று எழுந்து நின்றாள்.

"எந்திரிக்காதம்மா. உக்காந்துட்டே சொல்லு."

"ஒண்ணும் பெருசா இல்லைங்க. லேசா தலைவலி."

"லேசா? போன வாரம் செவுத்துல மண்டைய முட்டிட்டு நின்னது யாரு, பக்கத்து வீட்டுக்காரியா?"

போன தடவையும் இதே கூத்துதான். டாக்டர் ஏறிட்டும் பார்க்காமல் "டென்ஷன்" என்றார். அம்மா "ஆமாங்க, ஆமாங்க" என்று தலையாட்டிவிட்டு வந்தாள். நாளைக்கும் அப்படித்தான் ஆகுமென்றால் போவதே வீண்.

அம்மாவுக்குச் செருப்புக் கம்பெனியில் அடிப்பாகம் ஒட்டுகிற வேலை. ஈரப் பசையில் தூசி படியக் கூடாதென்று ஜன்னல்களை இழுத்துச் சாத்திவிடுவார்கள். சரக்குக்கு அவ்வளவு மரியாதை. பசை நெடியில் மண்டை பிளக்கிற பெண்களுக்கு சூப்பர்வைசர் டீயோடு மாத்திரையும் நீட்டுவான், மிட்டாய் கொடுக்கிற மாமா மாதிரி. "நல்ல மனுஷன்" என்று அம்மா வேறு மெச்சிக்கொள்வாள். வீட்டுத் தலையணைகூடப் பசை நாறும். அந்த நாற்றம் கட்டிய ஃபீஸில்தான் மகள் குடும்பத்தின் முதல் பட்டம் வாங்கினாள். நினைத்தால் மகளுக்குத் தன் மேலேயே அருவருப்பு.

"மாத்திரை எத்தனை போடறீங்க?"

"எப்பவாச்சும் ஒண்ணுங்க."

"புளுகாத. தினமும் முழுங்கினா அதுவே தலைவலியக் கூட்டும். டாக்டருக்கு அது தெரியணும்."

"திட்டுவாருடி."

கூடத்துக் கட்டிலில் கிடந்த அப்பா சிரித்தார். "மகராசி டாக்டருக்கே பாடம் எடுக்கறா. தலைவலி யாருக்குத்தான் இல்ல?"

"உங்களுக்கு இல்லப்பா. அதுக்கு உள்ள ஏதாச்சும் இருக்கணும்."

மறுநாள் ஆஸ்பத்திரி பெஞ்சில் அம்மா தலை வாரி, பவுடர் பூசி, பளிச்சென்று உட்கார்ந்திருந்தாள்.

"வலிக்கலையா?"

"கெளம்பறப்பவே ரெண்டு போட்டுட்டேன். டாக்டர் முன்னாடி மூஞ்சியச் சுளிச்சுக்கிட்டா உக்கார முடியும்?"

விருந்தாளி வருமுன் வீட்டைக் கூட்டுவது போல, காட்ட வேண்டிய வலியைத் துடைத்துப் போட்டுவிட்டு வந்திருக்கிறாள்.

"சீ, என்ன ஜென்மம்மா நீ. உள்ள வந்து வாயத் தொறக்காத. நானே பேசிக்கறேன்."

நர்ஸ் கூப்பிட்டாள். அம்மா எழுந்து, மகளின் தோளை அழுத்தி உட்காரவைத்தாள்.

"நீ இங்கயே இரு. நீ வந்தா உன் மூஞ்சியப் பாத்துப் பாத்துத்தான் பதில் சொல்வேன். நேத்துலேர்ந்து நீயும் சூப்பர்வைசர் மாதிரியேதான் அதட்டற."

மகள் பெஞ்சிலேயே இருந்துவிட்டாள். கதவு முழுக்கச் சாத்தவில்லை.

"இப்ப வலிக்குதா?" டாக்டரின் குரல்.

"இல்லைங்க."

மகள் பல்லைக் கடித்தாள். உள்ளே அம்மா நாற்காலியை முன்னால் இழுக்கும் சத்தம்.

"மாத்திரை முழுங்கிட்டு வந்தேங்க, அதனால. கம்பெனில குடுக்கறது தனி. தினமும் குடுப்பாங்க. எழுதிக்கங்க, நான் பசை ஒட்டறவ. அங்க ஜன்னலத் தொறக்க விடமாட்டாங்க."