ரெண்டு பாக்கெட்

அப்பாவின் சட்டையில் வலது பக்கத்துப் பாக்கெட் எளிதாக வந்துவிட்டது. பாதியாக உடைத்த பிளேடின் முனையை மூலைத் தையலுக்குள் கொடுத்து நாலைந்து கண்ணிகளை அறுத்தால் போதும், மீதி நூல் தானே உருவிக்கொண்டு வரும். மருத்துவமனைச் சலவைப் பிரிவில் பதினாறு வருடமாகக் கிழிந்த தலையணை உறைகளையும் மேலங்கிகளையும் தைத்துக்கொண்டிருப்பவளுக்கு இது ஒரு வேலையே இல்லை. ஆனால் பாக்கெட் இருந்த இடத்தில் துணி இன்னும் புதுக் கருநீலமாக இருந்தது. சுற்றிலும் துவைத்துத் துவைத்து வெளிறிய நீலம், நடுவில் கையகலத்துக்கு ஒரு சதுரம். பிரித்த பிறகுதான் பாக்கெட் எடுப்பாகத் தெரிந்தது.

"இது காட்டிக் குடுக்குமேம்மா" என்றாள் மகள்.

அம்மா பக்கத்து அறையில் இருந்தாள். அங்கே கட்டிலில் அப்பா கிடந்தார். விடியற்காலையில் எழுந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்டவர், அது வருவதற்குள் போய்விட்டார். மருத்துவர் வந்து பார்த்து இறப்புச் சான்றுத் தாளும் எழுதிக் கொடுத்தாயிற்று. நாலு மணிக்கு மயானத்துக்கு நகராட்சி வண்டி வரும் என்று மகள் பேசி முடித்திருந்தாள். அந்தத் தாளை நகல் எடுக்க அவள் கடைக்குப் போயிருந்த இருபது நிமிடத்தில், அம்மா இன்னொரு எண்ணுக்குப் பேசிவிட்டாள். இருபத்தாறு வருடமாக அழைக்காத எண். அதை எங்கேயும் எழுதி வைத்திருக்கவும் இல்லை.

அவர்கள் விட்டு வந்த சபையின் எண்.

சபையில் ஆண்களின் சட்டைக்குப் பாக்கெட் கிடையாது. பெண்கள் கைப்பை வைத்துக்கொள்ளக் கூடாது. பை என்பது மறைவிடம், மறைக்க ஒன்றுமில்லாதவனுக்கு மறைவிடம் எதற்கு என்பார் சபையை நடத்திய பெரியவர். அப்பா லிஃப்ட் மெக்கானிக். அந்த நாளில் டெஸ்டரைக் காதில் செருகிக்கொண்டுதான் லிஃப்ட் கூண்டின் மேலே ஏறுவார். இரண்டு முறை அது நழுவி ஏழு மாடி விழுந்திருக்கிறது. சபையை விட்டு வெளியே வந்த பின் அவர் வாங்கிய சட்டைகள் எல்லாவற்றுக்கும் இரண்டு பாக்கெட். இடது பக்கத்தில் டெஸ்டர், சீப்பு, மடித்த பழைய ரசீதுகள். வலது பக்கத்தில் எதையும் வைக்க மாட்டார். அதில் என்னதான் வைக்கப் போகிறீர்கள் என்று கேட்டால், இருக்கட்டும் என்பார். கூட வேலை பார்த்தவர்கள் அவருக்கு வைத்த பெயரே ரெண்டு பாக்கெட்தான்.

அம்மா கேட்டது இவ்வளவுதான். சட்டையில் பாக்கெட்டைப் பிரித்துவிடு. அப்புறம், போனதற்கு வருந்தினார், திரும்ப வர விரும்பினார் என்று ஒரு கடிதம் எழுது. அது இருந்தால் சபைத் தோட்டத்தில் அப்பாவைப் புதைக்க இடம் கொடுப்பார்கள். தம்பி இருக்கும் வரிசையிலேயே. நாலு மாதத்தில் காய்ச்சலில் போன தம்பி. வெளியே வந்த நாளிலிருந்து அந்தத் தோட்டத்தின் வாசலைக்கூட அம்மா பார்த்ததில்லை.

"உனக்குத்தான் எழுத வரும்" என்றாள் அம்மா. "சின்னதுலேயே மணிமணியா எழுதுவே."

மகளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கழுவிய டம்ளர்களையே மறுபடி கழுவினாள். வாசலுக்குப் போய்ச் செருப்புகளை ஜோடி சேர்த்து வைத்தாள். அப்பா வருந்தினாரா? டெஸ்டரைச் சட்டையில் குத்திக்கொண்டு கண்ணாடி முன்னால் ஒரு நிமிடம் நின்றுவிட்டுத்தான் அவர் தினமும் வேலைக்குக் கிளம்புவார். அந்த மனிதர் வருந்தினார் என்று எழுத வேண்டும். வெறும் தாள்தானே என்று ஒரு நினைப்பு. அம்மா கேட்டதே இல்லையே, ஒன்றே ஒன்று கேட்கிறாளே என்று இன்னொரு நினைப்பு.

வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த கிரீஸ் மாமா, அப்பாவுக்குக் கீழே வேலை பழகி அப்பாவோடு ஓய்வு பெற்றவர், அவள் கையில் தொங்கிய சட்டையைப் பார்த்தார்.

"என்ன பாப்பா, அண்ணனை ஒத்தைப் பாக்கெட்டா ஆக்கிட்டே? போற இடத்துல அடையாளம் தெரியாம உள்ளே விடாமப் போயிடப் போறாங்க."

சொல்லிவிட்டு அவரே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சபையில் வாரக் கடிதம் என்று ஒன்று உண்டு. சனிக்கிழமை மாலை எல்லோரும் எழுத வேண்டும், எட்டு வயதுக் குழந்தையிலிருந்து. முதலில் தன் குற்றம், பிறகு வீட்டில் கண்ட குற்றம். மழை விடாமல் பெய்த ஒரு வாரம், அவளுக்குப் பதினோரு வயது, அப்பா சட்டையின் உட்புறத்தில் ஒரு துண்டுத் துணியை வைத்துத் தைப்பதைக் கதவிடுக்கில் பார்த்தாள். சனிக்கிழமை அதை எழுதினாள். கோடு பிசகாமல், பிழையில்லாமல். மறுவாரம் கூட்டத்தில் பெரியவர் அந்தப் பையை வெளிப்புறமாக இழுத்து உதறினார். ஒன்றும் விழவில்லை. குழி வெட்டியவன் எதையோ புதைக்கத்தானே வெட்டினான் என்றார். நாற்பது வாரம் மௌனம் விதித்தார். யாரும் அவரோடு பேசக் கூடாது, அவரும் பேசக் கூடாது. அப்பா சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டார். அவள் தண்ணீர் டம்ளரைத் தரையில் தள்ளி வைத்துவிட்டு நகர்ந்துவிடுவாள்.

நாற்பது வாரம் முடிந்த காலையில் அப்பா சமையலறை வாசலில் வந்து நின்றார். குரல் கரகரத்தது. "ரெண்டு பேரும் சாப்பிட்டீங்களா?" என்றார்.

நாலு வருடம் கழித்து, லிஃப்டில் ஏற்றிக் காட்டுகிறேன் என்று இருவரையும் ஒரு கட்டிடத்துக்குக் கூட்டிப்போனார். மேலும் கீழுமாக மூன்று தடவை போய்வந்தார்கள். அங்கிருந்து வீட்டுக்குத் திரும்பவில்லை, பஸ் நிலையத்துக்குப் போனார்கள். அவ்வளவுதான் அவர்கள் சபையை விட்ட கதை.

நான்தான் எழுதினேன் என்று அவரிடம் சொல்ல எத்தனையோ முறை வாயெடுத்திருக்கிறாள். போன வாரம்கூட, நகம் வெட்டிவிடும்போது, "அப்பா, அந்தச் சட்டை..." என்று தொடங்கினாள். எந்தச் சட்டையாக இருந்தால் என்ன, நகத்தைப் பார்த்து வெட்டு என்றார் அவர். சரி, அடுத்த வாரம் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டாள்.

இரண்டரை மணிக்குச் சபையின் பொறுப்பாளர் வந்தார். அவள் வயதுதான் இருக்கும். சாம்பல் நிறச் சட்டை. சாவியையும் போனையும் கையிலேயே பிடித்து வந்து, உட்கார்ந்ததும் நாற்காலிக் காலருகே தரையில் வைத்தார். அப்பாவும் ஒரு காலத்தில் அப்படித்தான் வைப்பார். தோட்டத்தில் ஆட்கள் காத்திருக்கிறார்கள், சட்டையும் கடிதங்களும் தயார் என்றால் வண்டியை வரச் சொல்லலாம் என்று தணிந்த குரலில் சொன்னார். கோடு போட்ட இரண்டு தாள்களை அம்மாவிடம் நீட்டினார்.

"ஒண்ணு போதாதா?" என்றாள் மகள்.

"ஒருத்தர் சொன்னா அது பேச்சு. ஒரே வீட்டிலேருந்து ரெண்டு பேர் எழுதினாத்தான் சாட்சி. அந்த வீட்டு ஆள் இல்லாதவங்க கடிதம் செல்லாது. சேர்க்கறதுக்கும் அதுதான், தண்டிக்கறதுக்கும் அதுதான்."

"இது எப்போலேருந்து?"

"ஆரம்பத்திலேருந்தே இருக்கறதுதான். கல்யாணம் ஆனதும் எல்லாருக்கும் சொல்லித் தருவாங்க." அவர் அம்மாவைப் பார்த்தார். "அம்மாவுக்குத் தெரியுமே."

மகள் கையிலிருந்த சட்டையை மேசைமேல் வைத்தாள். மறுபடி எடுத்தாள். அந்த வீட்டில் அப்போது மூன்று பேர்தான் இருந்தார்கள்.

கொஞ்சம் வெளியே இருங்கள் என்று அவரிடம் சொன்னாள். சாவியையும் போனையும் பொறுக்கிக்கொண்டு அவர் போனார். அம்மா தாள்களின் ஓரத்தை விரலால் நீவிக்கொண்டிருந்தாள்.

"நீ கதவிடுக்குல நின்னதை நான் பார்த்தேன்" என்றாள். "நீ எழுதாம இருக்க மாட்டேன்னு தெரியும். நீ எழுதி நான் எழுதலைன்னா, உன்னைப் பொய் சொன்ன பிள்ளைன்னு சபை விடுதியில கொண்டுபோய் அடைச்சிருப்பாங்க. அங்க போன பிள்ளைங்க யாரும் வீட்டுக்கு வந்ததில்லை."

"அப்பாவுக்கும் தெரியுமா, ரெண்டு கடிதம்னு?"

"கல்யாணத்தன்னிக்கு எங்க ரெண்டு பேரையும் ஒண்ணா உட்கார வெச்சுத்தான் சொன்னாங்க."

கட்டிலுக்கு மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. காலையிலிருந்து அதை யாரும் நிறுத்தவில்லை. மகள் எழுந்துபோய் சுவிட்சில் கை வைத்தாள். நிறுத்தாமல் திரும்பி வந்தாள்.

"எங்கிட்ட ஏம்மா சொல்லல?"

"என்னன்னு சொல்றது."

அம்மா தாள்களை இரண்டாக மடித்தாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து வாசலுக்குப் போனாள். மகள் பின்னாலேயே போனாள்.

"எழுத முடியல தம்பி" என்றாள் அம்மா.

பொறுப்பாளர் கோபப்படவில்லை. குழந்தைக்குப் பக்கத்து இடம், இன்று விட்டால் வேறு யாருக்காவது போய்விடும், பிறகு அம்மாவுக்கும் இருக்காது, யோசித்துச் சொல்லுங்கள் என்றார்.

"நாலு மாசப் பிள்ளை. அவனை அங்க வெச்சப்போ யாரும் கடிதம் கேக்கல" என்றாள் அம்மா. தாள்களை அவர் கையில் கொடுத்தாள். ஏற்கெனவே சாவியும் போனும் இருந்த கையில் அவை அடங்கவில்லை. ஒரு தாள் படியில் விழுந்தது. கிரீஸ் மாமா குனிந்து எடுத்து, தூசி தட்டிக் கொடுத்தார்.

மணி மூன்று பத்து.

"ஊசியில நூல் கோத்துக் குடு" என்றாள் அம்மா, உள்ளே வந்து உட்கார்ந்து.

நானே இரண்டு நிமிடத்தில் போட்டுவிடுவேன் என்றாள் மகள். அம்மா கையை நீட்டியபடியே இருந்தாள். மகள் நூலைக் கோத்து, முடிச்சுப் போட்டுக் கொடுத்தாள். அம்மா சட்டையை மடியில் விரித்து, கருநீலச் சதுரத்தின் மேல் பாக்கெட்டைப் பொருத்தினாள். பழைய தையலின் ஓட்டைகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றாகத் தேடித் தேடி ஊசியை இறக்கினாள். சில இடத்தில் தவறிப் பக்கத்தில் இறங்கியது. அவள் அதைப் பிரிக்கவில்லை. மகள் கத்தரிக்கோலோடு காத்திருந்தாள். அப்பாவின் கை இனி மடங்காது. சட்டையை முதுகில் நெடுக வெட்டித்தான் போட வேண்டும்.

கடைசி முடிச்சைப் போட்டு அம்மா நூலைப் பல்லால் கடித்தாள்.

"வாயைச் சேர்த்துத் தெச்சிட்டேனான்னு தெரியல" என்று இரண்டு விரலைப் பாக்கெட்டுக்குள் விட்டாள். விரல்கள் போயின. பிறகு கை முழுதும் மணிக்கட்டு வரை போனது.

வெளியே நகராட்சி வண்டி பின்னோக்கி வரும் சத்தம். "வந்துட்டாங்க அண்ணி" என்றார் கிரீஸ் மாமா, வாசலிலிருந்து.

அம்மா சரி என்றாள். கையை எடுக்கவில்லை.