ஸுஹறாவின் ஆறாத விரல்

மீன் முள் இருவருக்கும் ஒரே நாளில்தான் குத்தியது. கூட வேலை செய்யும் றஸ்னாவுக்கு ஐந்தாம் நாளே ஆறிவிட்டது. ஸுஹறாவின் வலது சுட்டுவிரல் இருபது நாள் தாண்டி மூன்று கிழமையாகியும் சிவந்து, வீங்கி, கசிந்துகொண்டிருந்தது.

எருக்கலம்பிட்டிக் கரையில், கருவாடு காயப்போடும் வாடியில் மீன் வெட்டி உப்புப் போடுவது அவள் வேலை. போரில் விரட்டப்பட்டு இருபது வருஷம் புத்தளத்து முகாமில் கிடந்து ஊர் திரும்பியவளுக்குத் தன் இடமென்று கிடைத்தது அந்த வெட்டுப் பலகைதான். புண்ணோடு அவள் வேலைக்கு வந்த அன்று அதில் றஸ்னா இருந்தாள்.

"உடம்பைப் பார்," என்றார் எல்லாரும் 'நானா' என்றழைக்கும் வாடி முதலாளி சரிபுதீன். "தின்னுறதக் குறை. புண் ஆறினா வா, பாப்பம்."

நாலு பேர் சிரித்தார்கள். ஸுஹறா நேரே ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

"சீனி வருத்தம், நீரிழிவு, இல்லை அக்கா," என்றார் டொக்டர் கிருஷாந்தினி. "வயித்துக் கொழுப்புக் காரணமா இருக்கலாம். அது கூடினா, நோயெதிர்ப்புக் கலங்கள், 'செல்' எண்டுறது, அதுக்குள்ள வந்து குந்திக்கொண்டு காயமில்லாமலே கொதிச்சுக்கொண்டிருக்கும். காயம் வந்தா முதல் கிருமியோட சண்டை. பிறகு அந்தக் கலங்களே தசையைத் திருத்துற வேலைக்கு மாறவேணும். உங்களுக்கு அது பிந்துது."

"அப்ப சண்டை முடிஞ்சும் ஆமிக்காரன் காவல் சென்றியால இறங்கேல்ல. வீடு கட்ட ஆளில்ல."

டொக்டர் சிரித்துவிட்டார். "அதேதான். மாவையும் சீனியையும் குறையுங்கோ. நல்லா நடவுங்கோ."

"முகாமில நிவாரணமெண்டு தந்ததே மாவும் சீனியும்தான், மிஸ். அப்ப தின் எண்டாங்க. இப்ப தின்னி எண்டுறாங்க."

"உங்கட பிழை எண்டு நான் சொல்லேல்லையே."

"நீங்க சொல்லேல்ல. சொன்ன ஆள் வாடியில இருக்கு."

மறுநாள் கையில் கட்டோடு வாடிக்கு வந்தாள். பலகைப் பக்கம் போகவில்லை. வெயிலில் வரிசையாய் நின்ற பரண்களில் காயும் மீனை இடக்கையால் புரட்டத் தொடங்கினாள்.

"ஆறினாப் பிறகுதானே வரச் சொன்னனான்?"

"உப்புக்குள்ளதான் கை வைக்கேலாது, நானா. நடக்கலாம்."

"இந்தக் கத்தி அவட," என்றாள் றஸ்னா, தலை நிமிராமல். "அவ திரும்பி வாறமட்டும் பலகைய நான் பாக்கிறன்."

ஆறு கிழமை பரண்களுக்கிடையே நடந்தாள். தேத்தண்ணிக்குச் சீனி போடவில்லை. விரல் மூடியது. அன்று றஸ்னா எழுந்து கத்தியை நீட்டினாள்.

சரிபுதீன் மேலும் கீழும் பார்த்தார். "இளைச்சமாதிரித் தெரியேல்லையே?"

"மீன் வெட்டப்போறது விரல், நானா. வெளிச்சத்தை மறைக்காமத் தள்ளி நில்லுங்கோ."