ஞாயிறன்று அடக்கப் பூசை இல்லை

வலது கன்னத்தை மழித்து முடித்து முகத்தை மறுபக்கம் திருப்பியபோது அப்பா கண்ணைத் திறந்தார். மகள் சவரக் கத்தியைக் கிண்ணத்துத் தண்ணீரில் போட்டுவிட்டுக் காத்திருந்தாள். இடது கன்னத்து நுரை காயத் தொடங்கியது.

"இன்னைக்கு என்ன கிழமை?"

"சனிப்பா."

"அப்ப வருஷம் முடியுது."

முந்தின நாள் ஊசி போட வந்த நர்ஸிடமும் இதையேதான் சொல்லியிருந்தார். டிசம்பரே பிறக்காதபோது வருஷம் முடிகிறது என்கிறாரே என்று அந்தப் பெண் சீட்டில் ஏதோ குறித்துக்கொண்டு போனாள். மருந்து மயக்கத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இந்த வீட்டில் வருஷம் கோயில் கணக்கில்தான் ஓடும். கிறிஸ்து அரசர் திருநாள் போய் அடுத்த சனிக்கிழமையோடு பழையது தீரும். ஞாயிறன்று, கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாலு வாரத் திருவருகைக் காலத்தோடு புதியது பிறக்கும். சமையலறைக் கதவில் தொங்கும் பங்குக் காலண்டரில் மாதக்கணக்காக வந்த பச்சைக் கட்டங்கள் அன்றோடு முடிந்தன. நாளையிலிருந்து ஊதா.

அப்பா முப்பத்தெட்டு வருஷம் பேக்கரி அடுப்படியில் நின்றவர். தட்டு இழுக்கும்போது சுட்ட தழும்புகள் மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை ஏணிப்படிபோல் ஏறியிருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் வேலை முடிந்து, காதோரத்து மாவைக் கழுவிக்கொண்டு நேரே கோயிலுக்குப் போய் முதல் பூசையில் பைபிள் வாசகம் வாசிப்பார். பங்கில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வாசகர் என்றால் அவர்தான். ஆனால் வருஷத்தின் கடைசி இரண்டு ஞாயிறுகளில் மட்டும் வேறு யாரையாவது வாசிக்கச் சொல்லிவிடுவார். உலக முடிவு, கல்லறைகள் திறப்பது, எழுதி வைத்த ஏடுகளைப் பிரிப்பது என்று வாசகங்கள் வரும் வாரங்கள் அவை. மாவுத்தூசி தொண்டையில் இறங்கிவிட்டது என்பார். மாவுத்தூசிக்கு எப்படி நாள் தெரிகிறது என்று மகள் ஒருநாளும் கேட்டதில்லை.

"நேத்து ஃபாதர்கிட்ட எல்லாம் சொல்லிட்டேன்," என்றார் இப்போது.

"நல்லதுப்பா."

"மன்னிப்புக் குடுத்துட்டார். அதுல எனக்குச் சந்தேகமில்ல. செத்த உடனே ஒரு தீர்வை, ஒரு தீர்ப்பு. அது எனக்கும் ஆண்டவருக்கும் நடுவுல. அது போயிரும்." மூச்சு வாங்கியது. கொஞ்சம் பொறுத்துச் சொன்னார். "கடைசி நாள்ல இன்னொண்ணு இருக்கே."

"பொதுத்தீர்வை."

"எல்லாரும் நிப்பாங்க. எல்லார் முன்னாடியும் எல்லாம் வெளிய வரும்." சமையலறைப் பக்கம் கண்ணைத் திருப்பினார். அங்கே அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். "உங்கம்மாவும் நிப்பால்ல?"

மகள் துண்டால் அவர் தாடையைத் துடைத்தாள்.

"அன்னைக்கு வெளிக்கதவைச் சாத்தாம வந்தது நான்," என்றார்.

"தெரியும்ப்பா."

அவர் அவளையே பார்த்தார். பாதி முகம் மழித்தும் பாதி நரைத்தாடியுமாக, யாரோ அரைகுறையாக விட்டுப்போன வேலைபோல் இருந்தார்.

முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னால், தெருவோர வீட்டில் குடியிருந்தபோது, அவள் தம்பிக்கு நாலு வயது, அவளுக்கு ஆறு. ஒரு காலை அம்மா பால் வாங்கிக்கொண்டு வந்தாள். வெளிக்கதவின் கொண்டியை மாட்டிவிட்டுப் பின்கட்டுக்குப் போனாள். ஐந்து நிமிஷம் கழித்து அப்பா வந்தார். அன்று அடுப்பு மக்கர் பண்ணியதால் வேலை முடிய நேரமாகியிருந்தது. இரண்டு கையிலும் ரொட்டிப் பை. கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு வந்தவர் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் தம்பி பந்தைத் துரத்திக்கொண்டு அந்தக் கதவு வழியாக ஓடினான். லாரிக்காரன் மேல் தப்பில்லை என்று எல்லோருமே சொன்னார்கள்.

கூட்டத்தில் யாரோ, கடைசியாக உள்ளே வந்தது யார் என்று கேட்டார்கள். அப்பா அம்மாவிடம் சொன்னார்: "நீ பால் வாங்கிட்டு வர்றதுக்கு முன்னாடியே நான் வந்து படுத்துட்டேன்." அந்த ஒரு வாக்கியம்தான். அப்பா பொய் சொல்லமாட்டார், ஆகவே தான் பார்த்ததுதான் தப்பு என்று ஆறு வயதுக்காரி முடிவு கட்டிக்கொண்டாள். தான் பார்த்தது தப்பில்லை என்று புரிந்தபோது அவளுக்கு இருபது ஆகியிருந்தது. அதற்குள் அம்மா கொண்டியை மாட்டியதை மறந்தே போயிருந்தாள். மாட்டவில்லை என்பது அவளுக்கு மனப்பாடமாகியிருந்தது.

அதற்குப் பிறகு மூன்றாம் மாடியில்தான் வீடு வேண்டும் என்றாள் அம்மா. மாதம் தவறாமல் சாமியாரிடம் பாவம் சொல்லப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனாள். பூசையில் நன்மை அப்பம் வாங்கும் வரிசையில் கடைசி ஆளாகவே நின்றாள். நவம்பரில், கோயிலில் செபிக்கக் கொடுக்கும் இறந்தோர் பட்டியலில் மகன் பெயரை எழுதுவாள். ஞானஸ்நானம் பெற்ற நாலு வயதுப் பிள்ளைக்கு பாவம் தீர உத்தரிக்கிற ஸ்தலமே கிடையாதும்மா, அவன் நேரே மோட்சத்துக்குப் போயிருப்பான் என்று மாறி மாறி வந்த மூன்று பங்குச் சாமியார்களும் சொன்னார்கள். அம்மா தலையாட்டிவிட்டு மறு வருஷமும் எழுதுவாள்.

"நீ சொல்லலையே," என்றார் அப்பா.

"நீங்களும் சொல்லலையே."



"அவளக் கூப்பிடு," என்றார்.

அம்மா ஈரக் கையோடு வந்தாள். கட்டில் விளிம்பில் உட்கார்ந்ததும் மழிக்காத பக்கத்தைப் பார்த்து, "என்ன இது, பாதியில விட்டுட்ட?" என்று மகளைக் கேட்டாள். அப்பா அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

"ஒண்ணு சொல்லணும்."

"மூச்சு வாங்குது பாருங்க. அப்புறம் சொல்லலாம்."

"இல்ல. அன்னைக்கு…"

"பேச வேணாம்னேன்ல." முந்தானை நுனியால் அவர் வாயோரத்து நுரையைத் துடைத்தாள். துடைத்த கையை அங்கேயே, உதட்டின் மேலேயே வைத்துக்கொண்டாள். "நாப்பது வருஷம் வாசிச்சது போதாதா? கொஞ்சம் சும்மா இருங்க."

அப்பாவின் கண்கள் அந்தக் கைக்கு மேலே மகளைப் பார்த்தன. அவள் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு தண்ணீர் மாற்றப் போனாள். திரும்பி வந்து மறுகன்னத்தை மழித்தாள். அம்மா எழுந்திருக்கவே இல்லை. மூன்றரை மணி சுமாருக்கு, அம்மா செபமாலையின் நாலாவது பத்தில் இருக்கும்போது, அப்பாவின் மூச்சு ஒருதரம் உள்ளே போய்த் திரும்பி வரவில்லை. பத்தை முடித்துவிட்டுத்தான் அம்மா மகளை நிமிர்ந்து பார்த்தாள்.

*

எலக்ட்ரீஷியன் மாமா, அம்மாவின் தம்பி, கோயிலுக்குப் போய்வந்து செய்தி சொன்னார்.

"நாளைக்கு முடியாதாம். திருவருகைக் காலத்து ஞாயிறுல அடக்கப் பூசை வைக்கக் கூடாதாம். பூசை இல்லாம மந்திரிச்சுப் புதைக்கலாம், இல்லன்னா திங்கக்கிழமைதான்னு ஃபாதர் சொல்றார்."

"திங்கக்கிழமை," என்றாள் அம்மா.

"மனுஷன் ஒரு ஞாயித்துக்கிழமை லீவு போட்டதில்ல. போட்டதும் இப்பத்தான். அதையும் கோயில்ல சொல்லித்தான் போட வேண்டியிருக்கு."

பேக்கரி ஆட்கள் இரண்டு பேர் சுவரோரம் நின்றபடி மெல்லச் சிரித்தார்கள். அம்மாகூடச் சிரித்தாள். குளிர்பெட்டியை மூன்று மாடி தூக்கி வந்து கூடத்தில் வைத்தார்கள். அதன் மோட்டார் விட்டு விட்டு உறுமியது.

அந்த ஒரு நாள் இல்லாமலிருந்தால் மகள் சொல்லியிருக்கமாட்டாள்.

ஞாயிறு காலை அம்மா குளித்துவிட்டு முதல் பூசைக்குக் கிளம்பினாள். வீட்டில் சடலத்தை வைத்துக்கொண்டு போக வேண்டுமா என்று மாமா கேட்டதற்கு, "அவரால போக முடியாது. நானாவது போறேன்," என்றாள். திரும்பி வந்தபோது மாமா மாடிப்படியில் தூங்கிக்கொண்டிருந்தார். கூடத்தில் வேறு யாருமில்லை. அம்மா அப்பாவின் வெள்ளைச் சட்டையை எடுத்து மேஜைமேல் விரித்து இஸ்திரி போடத் தொடங்கினாள்.

"முதல் மெழுகுதிரி ஏத்தினாங்க," என்றாள். "இன்னும் மூணு இருக்கு. அதுக்குள்ள இந்த வீடு பழகிருமா?"

அம்மா காலரை முடித்து, முதுகை முடித்து, ஒரு கையை விரித்துத் தேய்த்தாள்.

"இந்நேரம் பிள்ளையப் பாத்திருப்பார். அவன் கேப்பான்ல, அம்மா ஏன் அன்னைக்குக் கதவச் சாத்தலன்னு. இவர் என்ன சொல்லுவாரோ. எனக்காக ஏதாவது நல்லதாத்தான் சொல்லுவார்."

மகள் எழுந்து நின்றாள். உட்கார்ந்துகொண்டு சொல்ல வரவில்லை.

"நீ சாத்தினம்மா. நான் பாத்தேன். நீ பால் தூக்கோட வந்து கொண்டிய மாட்டின. அப்புறம்தான் அப்பா வந்தார். ரெண்டு கையிலயும் பை இருந்துச்சு."

அம்மா இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி நிமிர்த்தி வைத்தாள். சுவரருகே போய் சுவிட்சை அணைத்தாள். பிறகு சட்டையின் பக்கத்தில் வந்து நின்றாள்.

"முன்னாடியே வந்துட்டேன்னாரே."

"ஆமா."

"எங்க இருந்து பாத்த?"

"ஜன்னல்ல."

"ஆறு வயசு உனக்கு."

"ஆமா."

குளிர்பெட்டி உறுமி நின்றது. அம்மா சட்டையின் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டாள், மேலிருந்து கீழே, ஏழு.

"இருபது வயசானப்ப?"

மகள் இஸ்திரிப் பெட்டியின் வயரைச் சுற்றத் தொடங்கினாள்.

"முப்பது வயசானப்ப? பக்கத்துலதான படுத்திருந்த. நான் தூங்காதது தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்."

"ம்."

"நேத்து அவர் சொல்லத்தான் வந்தார்மா. நீதான் பேச வேணாம்னு வாயப் பொத்துன."

"அது நேத்து," என்றாள் அம்மா.

அவள் அழவில்லை. அழுகையைத் தாங்கிக்கொள்ள மகள் தன்னைத் தயார்ப்படுத்தியிருந்தாள். அது வராமல் போனது. அம்மா சட்டையை மடித்து நாற்காலியில் வைத்துவிட்டு உள்ளே போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். அன்று முழுக்க வந்தவர்கள் எல்லாம் வாசல்வரை வந்து எட்டிப் பார்த்து, பாவம், இப்பத்தான் கண்ணசந்திருக்கிறாள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவள் கண் திறந்திருந்தது மகளுக்கு மட்டும் தெரியும்.

*

திங்கட்கிழமை அப்பாவைத் தூக்கிப் பெட்டியில் வைத்தபோது சட்டையின் ஒரு கை மடிப்புக் கலையாமலும் மறுகை கசங்கியும் இருந்தன. மாமா அதை இழுத்து இழுத்து விட்டுப் பார்த்தார். மகள் மேலே ஒரு செபமாலையைச் சுற்றி வைத்தாள்.

கோயிலில் பீடத்தில் பூ இல்லை. ஊதா உடுப்பில் வந்த ஃபாதர் காத்திருப்பதைப் பற்றிப் பேசினார். நம் வாசகர் இன்று நமக்கு முன்னால் போயிருக்கிறார், அந்தப் பெரிய நாளில் அவரையும் நம்மையும் ஆண்டவர் ஒன்றாக நிறுத்துவார், மறைந்திருப்பதெல்லாம் வெளிச்சத்துக்கு வரும், யாரும் யாருக்கும் அந்நியராக இருக்கமாட்டோம் என்றார். பின்வரிசையில் பேக்கரிக்காரர் ஒருவர் மூக்கைச் சிந்தினார். முன்பெஞ்சில் மகளின் தோளை ஒட்டியிருந்த அம்மாவின் தோள் விலகிக்கொண்டது. இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு பாட்டுப் புத்தகம் வைக்கிற அளவுக்கு இடம் விழுந்தது.

நன்மை கொடுக்கும் நேரத்தில் அம்மா எழுந்திருக்கவில்லை. முழங்கால் வலியாக்கும் என்று நினைத்து ஃபாதரே பாத்திரத்தோடு பெஞ்சுவரை வந்தார். அம்மா தலையைக் குனிந்தபடி இல்லை என்று அசைத்தாள். அவர் ஒரு நிமிஷம் நின்றுவிட்டுத் திரும்பிப் போனார். அவள் வாங்காததால் மகளாலும் வாங்க முடியவில்லை.

கல்லறையில், பெட்டியைக் கயிற்றில் இறக்கிக் கயிறுகளை உருவிய பிறகு, எல்லோரும் ஆளுக்கொரு பிடி மண் போட்டார்கள். தம்பியின் கல்லறை நாலு வரிசை தள்ளி இருந்தது. அம்மா அந்தப் பக்கம் பார்க்கவில்லை. குழி வெட்டியவர் மண் தட்டை நீட்டினார். அம்மா குனிந்து ஒரு பிடி அள்ளினாள். குழி விளிம்பில் நின்றாள். பாட்டு முடிந்தது. அடுத்த பாட்டை ஆரம்பிக்கலாமா என்று பாடகர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மாமா, "அக்கா," என்று மெதுவாகச் சொல்லி அவள் முழங்கையைத் தொட்டார். அவள் திரும்பி வேனை நோக்கி நடந்தாள்.

வேனில் அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்தாள். வலது கை மடியில் மூடியே இருந்தது. மாமா முன்னிருக்கையில் டிரைவரிடம் வழி சொல்லிக்கொண்டு வந்தார். பள்ளத்தில் வண்டி இறங்கிய ஒவ்வொரு தடவையும் அம்மாவின் விரலிடுக்கிலிருந்து கொஞ்சம் மண் சேலையில் உதிர்ந்தது. மகள் பார்த்தாள்.

மூன்று மாடிகளையும் அம்மா இடது கையால் கம்பியைப் பிடித்தே ஏறினாள். வீட்டில் குளிர்பெட்டி இருந்த இடத்தில் தரை ஈரமாகச் சதுரமாகத் தெரிந்தது. அதைச் சுற்றிக்கொண்டு நேரே சமையலறைக்குப் போனாள். தொட்டியின் முன்னால் நின்று, திரும்பிப் பார்க்காமல், முந்தின நாளுக்குப் பிறகு முதல் தடவையாக மகளிடம் பேசினாள்.

"குழாயத் திற."

மகள் வந்து திறந்தாள். அம்மா மூடிய கையைத் தண்ணீருக்கு அடியில் நீட்டினாள். முதலில் தண்ணீர் தெளிவாகவே வழிந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் விரல்களுக்கு நடுவிலிருந்து செம்மண் நிறம் கசியத் தொடங்கியது.