பன்னிரண்டு தட்டு

சவப்பெட்டியைத் தூக்க இன்னும் ஒரு மணி நேரம். பூங்குழலி குளியலறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, ஜெராக்ஸ் தாளைப் பார்த்து அப்பா பாடவேண்டிய குரலைப் பாடிக்கொண்டிருந்தாள். கதவு தடதடத்தது.

"குழலி, கதவத் தெற. அப்பா செத்துக் கெடக்குறாரு, உனக்கு என்னா பாட்டு வேண்டிக் கெடக்கு?" காலையில் பெரம்பலூரிலிருந்து வந்து இறங்கிய அண்ணன் மணிமாறன்.

செந்துறைப் பக்கத்துச் சின்னக் கத்தோலிக்கப் பங்கு அது. அப்பா ஜெயசீலன், சிமெண்ட் ஆலை ஃபிட்டர், நானூறு வருடத்துக்கு முந்தைய இலத்தீன் மோட்டெட் என்ற பலகுரல் பாட்டு ஒன்றைத் திருவிழாவில் பாடியே தீருவதென்று நின்றார். மகள், ஸ்டெல்லா டீச்சர், அடைக்கலராஜ், தான் என்று நாலு பேரைச் சேர்ப்பதற்குள் நாக்குத் தள்ளிவிட்டது. பக்கவாத்தியம் கிடையாது. ஆளுக்கொரு மெட்டு, ஒருவர் தொடங்க, மற்றவர்கள் தங்கள் முறைக்குக் காத்திருந்து ஒவ்வொருவராக வந்து சேரவேண்டும். கடைசியில் வருவது அவருடைய அடிக்குரல். அது இல்லாவிட்டால் மற்ற மூன்றும் அந்தரத்தில் தொங்கும். திருவிழாவுக்கு ஒன்பது நாள் இருக்க, நேற்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழவில்லை.

இனி அவர் காது கேட்காதுதான். ஆனாலும் அவரை வைத்துக்கொண்டு பாட இன்றைக்கு விட்டால் வேறு நாள் இல்லை. தன் குரலை விட்டுவிட்டு அவருடையதைப் பாடுவதென்று பூங்குழலி முடிவு செய்துவிட்டாள். அந்தத் தாழ்வு அவள் தொண்டைக்கு எட்டாது. மேலே தூக்கித்தான் பாடவேண்டும். அழுகையை அடக்கத்துக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கதவைத் திறந்தாள். "நான் பாடத்தான் போறேன்ண்ணே."

"கீபோர்டு வெச்சு நல்ல தமிழ்ப் பாட்டு ஒண்ணு பாடேன். தப்புத் தப்பாப் பாடி ஊரு சிரிக்கவா?"

"தப்பானா என் பேருல போவட்டும்."

கோயிலில் திருப்பலி முடிந்ததும் சாமியார் தலையசைத்தார். ஸ்டெல்லா டீச்சர் தொடங்கினார். அடுத்து வரவேண்டியது பூங்குழலியின் சொந்தக் குரல். நாலு மாதப் பழக்கம் வாயைத் திறக்கப் பார்த்தது, பல்லைக் கடித்தாள். டீச்சரின் குரல் தனியாகவே போனது. பிறகு அடைக்கலராஜ் சேர்ந்துகொண்டார். அப்பாவின் குரல் நுழைய இன்னும் பன்னிரண்டு மெதுவான தாளத் தட்டு இருந்தது.

"பாவம், புள்ளைக்குத் தொண்ட அடச்சிப்போச்சு," என்றாள் முன்வரிசையில் ஒருத்தி.

பாட நின்றவள் பாடாமல் நின்றால் ஊருக்குத் தெரிந்த காரணம் ஒன்றுதான். கோயில் முழுக்க அழுகை பரவியது. அம்மா ராசாத்தி மாரில் அடித்துக்கொண்டாள். மணிமாறன் எழுந்து வந்து தங்கையின் தோளை அணைத்தான்.

"போதும் குழலி. முடியலன்னா வுட்டுடு. வா."

பதில் சொன்னால் கணக்குத் தப்பிவிடும். அவன் மணிக்கட்டைப் பிடித்து அதன்மேல் விரலால் தட்டினாள். ஆறு. ஏழு. அவன் இழுத்தான், அவள் விடவில்லை. எட்டு. ஒன்பது. அவளுடைய கண்கள் தாளிலேயே இருந்தன. அவன் இழுப்பதை நிறுத்தினான்.

பன்னிரண்டு முடிந்ததும் அவள் வாய் திறந்தாள்.

பாட்டு முடியும்வரை மணிமாறன் தன் இடத்துக்குப் போகவில்லை. அவன் கை அவள் பிடியிலேயே இருந்தது.